இருநூறு வெள்ளணு

எழுபத்தோராவது கண்ணாடித் துண்டு.
கீம்சா சாயம் காய்ந்து ஊதாவாகிவிட்டது.
இருநூறு வெள்ளணு எண்ணி முடிப்பதற்குள்
கிருமி எத்தனை கண்ணில் படும்?
இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
ஒரு விரலில் அது, மறு விரலில் இது,
கோழி தவிடு கொத்துகிற சத்தத்தில்
பிற்பகல்கள் போகின்றன.

சிக்காஸோவில் இந்த முறைக்காய்ச்சலுக்குச்
சுமயா என்று பெயர். ஈரம், குளிர்ச்சி.
மழை உடம்புக்குள் இறங்கிவிட்டதாம்.
பருத்திக்காட்டில் தண்ணீர் நிற்கும் மாதத்தில்
அதை மறுத்துப் பேச எனக்கு வாய் வருவதில்லை.

டாக்டர் பெர்த்தேயின் கேள்வித்தாளில் மூன்றே கேள்வி:
யார் படுத்தார்கள், என்ன குடித்தார்கள், என்ன ஆயிற்று.
ஊர் ஊராகப் போனோம்.
ஒரு நோட்டுப்புத்தகம் நிறையச் செடிகள் சேர்ந்தன.
குடித்தவர்களில் எழுந்தவர்களைக் கூட்டிப் பார்த்தபோது
பெயர்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன.
ஒன்று நின்றது:
வேலியோரத்தில் ஆடும் வாய்வைக்காத
மஞ்சள்பூ முள்செடி, பிரம்மதண்டு.

நெரெதுகுவின் கொரொதுமு அதைத்தான் காய்ச்சினாள்.
இலையும் தண்டும், மூன்று மணி நேரம்.
விதையை மட்டும் ஒன்றுவிடாமல் உதறினாள்.
"விதை காலை வீங்கவைக்கும், தெரியாதா?"
தெரியாது.
அன்றிரவு புத்தகத்தைப் புரட்டினேன். இருந்தது.

அவள் மகன் ஸியே, வயது நான்கு.
முதல் நாள் ஆயிரத்து நூற்றிருபது.
மூன்றாம் நாள் காய்ச்சல் இல்லை, கிருமி நானூறு.
இன்று பதினான்காம் நாள்.
ஜன்னலுக்கு வெளியே கின்னிக்கோழியைத் துரத்துகிறான்.
ஜன்னலுக்கு உள்ளே, அவன் ரத்தத்தில்,
சிவப்புக்கல் பதித்த பொடி மோதிரங்கள்
பத்தொன்பது.

குணமா?

"மாத்திரை துடைத்துக் கழுவிவிடும்," என்றார் டாக்டர்.
"கஷாயம் கழுவவில்லை. அடக்கி உட்காரவைத்திருக்கிறது.
இரண்டையும் எழுது."

"மாத்திரையும் ஒரு செடியில் பிறந்ததுதானே?" இது கொரொதுமு.
"ஆமாம், சீனத்துச் செடி. ஆனால் நிறுத்துத் தருகிறார்கள்.
உன் பானையில் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரே கசப்பா?"
அவள் கோபப்படவில்லை, யோசித்தாள்.
"மழைக்கு மறுநாள் பறித்தால் கசப்பு குறைவு."
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

அசெத்துவின் வாசலிலும் போன மாதம் கேட்டோம்.
"இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை," என்றாள்.
நன்றி சொல்லி அடுத்த வீட்டுக்குப் போனோம்.
அதே வேலி, அதே செடி, அதே மூன்று மணி நேரம்,
இரண்டாம் இரவு வலிப்பு,
விடியும்வரை வண்டி கிடைக்கவில்லை என்பதெல்லாம்
கிணற்றடியில் வேறு யாரோ சொன்னார்கள்.
அவள் பொய் சொல்லவில்லை.
அந்த வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை.

எழுந்தவர்கள் மட்டும் வந்து பதில் சொல்லும் தாளில்
எந்தச் செடியும் மருந்தாகும் என்று
கூட்டலை மறுபடி போட உட்கார்ந்தோம்.
இப்போது முதல் கேள்விக்கும் முன்னால்
ஒரு கேள்வி இருக்கிறது. கேட்பது என் முறை வந்தால்
தொண்டையைச் செருமிக்கொள்கிறேன்.
கடைசியில் ஒரு வரியும் உண்டு, எல்லா வாசலிலும் சொல்வது:
வலிப்போ, மயக்கமோ, குடித்ததெல்லாம் வாந்தியோ என்றால்
பானையை இறக்கு, மோட்டார் சைக்கிளை எடு.

செப்டம்பரில் எனக்கும் வந்தது.
பல் அடித்தது, கட்டில் அடித்தது.
என் ரத்தத்தை நானே எண்ணினேன், கை நடுக்கத்தில்
இருநூறைத் தாண்டி எங்கேயோ போய்விட்டேன்.
மாத்திரை போட்டேன், மூன்று நாளும், கணக்காக.
கொரொதுமு கொடுத்தனுப்பிய பாட்டிலும்
காலியாகத்தான் திரும்பிப் போனது.

ஆகவே என்னைக் கேட்காதீர்கள்.
எந்தக் கட்டத்திலும் நான் சேரமாட்டேன்.